குமட்டல் நிற்கவில்லையா? உடனே கேஸ்ட்ரிக் என்று முடிவுகட்டாதீர்கள்

போன வாரம் பலதுறை மருந்தகத்தில் புதிதாகச் சேர்ந்த தாதி ஒருவர், "மூணு வாரமா குமட்டலா? கேஸ்ட்ரிக்தான்மா, நேரத்துக்குச் சாப்பிடுங்க" என்று ஓர் அம்மாவிடம் சொன்னார். 20 வருடத்துக்கு முன் நான் சொன்ன அதே வார்த்தைகள். மனம் பதைத்தது. காரம், எண்ணெயைக் குறைக்கும் அறிவுரை எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

மாத்திரைப் பையைப் பார்க்காமல் விடுவது

இன்றும் எனக்கு ஆறாத தவறு இது. அன்று வந்தவர் பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் கடை வைத்திருந்த அக்கா. ஆறு வாரமாகக் காலையில் குமட்டல். ஓமத் தண்ணீர் குடித்துப் பார்த்திருக்கிறார். நான் கேஸ்ட்ரிக் என்று எளிதாக எழுதிவிட்டேன். சர்க்கரைக்கு எடுத்த மெட்ஃபார்மினை அப்போதுதான் 500 மில்லிகிராமிலிருந்து 1,000க்கு ஏற்றியிருந்தார்கள். விடிகாலை அவசரத்தில் அவர் அதை வெறும் வயிற்றில் விழுங்கி வந்தார். நான் கேட்கவே இல்லை. மாத்திரைதான் காரணம் என்று அவரே கண்டுபிடித்து, யாரிடமும் சொல்லாமல் நிறுத்திவிட்டார். சர்க்கரை ஏறி மருத்துவமனையில் படுக்க வேண்டியதாயிற்று. அப்புறம் மெதுவாகக் கரையும் வகைக்கு மாற்றி, சாப்பாட்டோடு எடுக்கச் சொன்னார்கள். குமட்டல் அடங்கியது.

ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும்: குமட்டல் தொடங்குவதற்கு முன் எந்த மருந்து புதிதாக வந்தது, எது கூடியது? இரும்புச்சத்து மாத்திரை, சில ஆன்டிபயாடிக், எடை குறைக்கப் போடும் செமாகுளுடைடு ஊசி எல்லாமே குமட்டலைத் தரலாம். சிங்கப்பூரின் தேக்காவில் வாங்கிய லேகியத்தைப் பற்றியும் கேளுங்கள். பலர் அதை மருந்தாகவே நினைப்பதில்லை. மருத்துவரைக் கேட்காமல் எதையும் நிறுத்த வேண்டாம் என்றும் அங்கேயே சொல்லிவிடுங்கள்.

போன வார அம்மாவைத் திரும்ப உட்காரவைத்துப் பையைத் திறக்கச் சொன்னேன். முட்டி வலிக்குப் பக்கத்து வீட்டார் கொடுத்த டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரை இருந்தது. மூன்று வாரமாக, வெறும் வயிற்றில்.

கர்ப்பமா என்று கேட்கக் கூச்சப்படுவது

கேளுங்கள். 45 வயதானாலும்.

நெஞ்சு வலித்தால்தான் மாரடைப்பு என்று நினைப்பது

பெண்களுக்கும் சர்க்கரை உள்ளவர்களுக்கும் வலி இல்லாமலே வரலாம். திடீர்க் குமட்டலோடு வியர்வை, மூச்சுத்திணறல் என்றால் ஆம்புலன்ஸுக்கு 995ஐ அழையுங்கள்.

பித்தப்பையை மறப்பது

பிரியாணி சாப்பிட்ட பிறகு வலது விலாவுக்குக் கீழே வலித்துக் குமட்டினால், கல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

"இன்னும் ஒரு வாரம் பார்க்கலாம்"

காபித்தூள் நிறத்தில் வாந்தி, தார்போலக் கறுத்த மலம், தண்ணீர்கூடத் தங்காத நிலை: அன்றே அவசரப் பிரிவு. காரணமில்லாமல் எடை குறைந்தால் அந்த வாரமே மருத்துவர்.