ரவிவர்மா படம் வாங்கப் போகிறீர்களா? பிரேம் எது என்று அப்புறம் பாருங்கள்

எங்கள் வீட்டு ஹாலில் 'ஹம்ச தமயந்தி' மாட்டியிருந்தோம். ராஜா ரவிவர்மா 1899-இல் வரைந்த ஓவியம். மூலம் திருவனந்தபுரம் ஸ்ரீசித்ரா கலைக்கூடத்தில் இருக்கிறது. தமயந்தியின் சிவப்புச் சேலைக்காகவே ஆசைப்பட்டு வாங்கிய பிரிண்ட் அது. இரண்டே கோடையில் அந்தச் சிவப்பு வெளிறி, படம் முழுக்க நீலம் பாய்ந்துவிட்டது. பிரேம் மட்டும் புதுசாகவே இருந்தது.

தவறு எங்கள் மேல்தான். எந்த மை என்று கேட்காமல், தேக்கா பைபரா என்று பிரேமைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். மலிவான மையில் சிவப்பும் மஞ்சளும் முதலில் மங்கும், நீலமும் கறுப்பும் தங்கும். போதாததற்கு மாலை வெயில் நேரே விழும் சுவரில் மாட்டினோம். அதனால் முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும்: கரையும் சாயத்தில் செய்த டை மையா, கரையாத நிறத்தூளில் செய்த பிக்மென்ட் மையா? பிக்மென்ட் மையில், அமிலமில்லாத பருத்திக் காகிதத்தில் அச்சிட்டது என்றால் விலை கூடும், ஆனால் பல மடங்கு காலம் நிறம் நிற்கும். அதையும் வெயிலில் மாட்டக்கூடாது.

அடுத்தது, எதைப் பார்த்து எடுத்த பிரதி என்று கேட்காமல் விடுவது. ரவிவர்மா 1894-இல் மும்பையில் அச்சகம் தொடங்கினார். நம் பூஜையறைகளுக்கு வந்த லட்சுமியும் சரஸ்வதியும் அங்கே கல்லச்சில் நிறம் நிறமாக அடித்த ஒலியோகிராஃப்கள். எண்ணெய் ஓவியத்தின் முகமும் நிறமும் வேறு, அச்சுப் படத்தின் முகமும் நிறமும் வேறு. இரண்டும் அழகுதான், எது வேண்டும் என்று தெரிந்து வாங்குங்கள். "பழைய ஒலியோகிராஃப்" என்று பெரிய விலை சொன்னால் ஒரு பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். சின்னச் சின்னப் புள்ளிகள் வரிசை பிசகாமல், பூப்போல வட்டம் கட்டி நின்றால் அது பிற்காலத்து ஆஃப்செட் அச்சு. கல்லச்சில் புள்ளிகள் ஒழுங்கில்லாமல் கிடக்கும்.

படக் கோப்பையும் விசாரியுங்கள். 16-க்கு 24 அங்குலத்தில் துல்லியமாக வர, அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் 4800-க்கு 7200 பிக்சல் வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்த படத்தைப் பெரிதாக்கினால் முகம் கலங்கித்தான் வரும்.

பிரேம் அளவுக்காகப் படத்தை வெட்ட ஒருபோதும் சம்மதிக்காதீர்கள். மைசூர் ஜகன்மோகன் அரண்மனையில் இருக்கும் 'இசைக் கலைஞர்கள்' ஓவியத்தில் பதினொரு பெண்கள். சதுரமாக வெட்டினால் ஓரத்தில் இருக்கும் பெண் காணாமல் போவாள். இதைப் பார்த்தால் எனக்கு மனசே ஆறாது. ஓரத்தில் இடம் மிஞ்சினால், படத்தைச் சுற்றிக் கண்ணாடிக்கு அடியில் வைக்கும் மவுண்ட் அட்டையை அகலமாக வைக்கச் சொல்லுங்கள், போதும்.

மவுண்ட் அழகுக்கு மட்டுமல்ல. காகிதம் கண்ணாடியைத் தொட்டால் மழைக்காலத்து ஈரத்தில் ஒட்டிக்கொள்ளும், பிரித்தால் மையும் சேர்ந்து உரியும். பின்னால் சாதாரண அட்டை வைத்தால் அதன் அமிலம் ஏறிக் காகிதம் பழுக்கும். சென்னை மாதிரிக் கடலோர ஊர் என்றால், பிரேமின் கீழ் மூலைகளில் பின்பக்கம் இரண்டு ரப்பர் பொட்டு ஒட்டுங்கள். சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்றுப் போகும். குளியலறையை ஒட்டிய சுவர் வேண்டவே வேண்டாம்.

தமயந்தியை மறுபடி அச்சிட்டு வாங்கினோம். இந்த முறை வெயில் எட்டாத உள்சுவரில், நின்று பார்க்கும்போது அவள் முகம் நம் கண்ணுக்கு நேரே வரும் உயரத்தில் ஆணி அடித்தோம்.