உள்ளாட்சி பட்ஜெட்டில் பாலினச் சமத்துவம்: வழக்கமாக எங்கே தவறுகிறது?

மதுரையைச் சுற்றியுள்ள ஏதாவது ஓர் ஊராட்சியின் வரவு செலவுக் கணக்கை எடுத்து வைத்து, "இதில் பெண்களுக்கு என்ன இருக்கிறது?" என்று கேட்டால், விரல் போய் நிற்கும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான்: தையல் மெஷின், மகளிர் தினச் செலவு, மகளிர் சுயஉதவிக் குழுவுக்கு ஒரு கட்டடம். மொத்தச் செலவில் அது சிறு துண்டு. மிச்சமெல்லாம் தெருவிளக்கு, குடிநீர், சாலை, கழிப்பறை, துப்புரவு. இவை "எல்லாருக்கும் பொது" என்று பெயர் வாங்கிக்கொண்டு கேள்வியிலிருந்து தப்பிவிடுகின்றன. பாலின பட்ஜெட் என்றால் ஒவ்வொரு வரவும் செலவும் ஆணையும் பெண்ணையும் எப்படித் தொடுகிறது என்று பார்ப்பது. அது பேச வேண்டியது இந்த மிச்சத்தைப் பற்றி. தனித் தலைப்பு ஒன்று போட்டுக் கடமையை முடிப்பதே முதல் தவறு. மற்ற தவறுகளில் பாதி இதன் பிள்ளைகள்.

தெருவிளக்கையே பாருங்கள். உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கம் மல்லிகைத் தோட்டங்களுக்குப் பூப்பறிக்கப் போகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். மொட்டாக இருக்கும்போதே பறித்து மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்கு அனுப்ப வேண்டும் என்பதால் விடியுமுன்பே கிளம்பிவிடுகிறார்கள், கையிலோ தலையிலோ டார்ச்சோடு. ஊராட்சி விளக்குப் போடுவதோ மெயின் ரோட்டிலும் கோயில் வாசலிலும். தோட்டப் பாதையில் கம்பமே இருக்காது. மின்கட்டணத்தைக் குறைக்க விளக்கைச் சீக்கிரம் அணைத்தால் முதலில் இருட்டில் மாட்டுவது இவர்கள்தான். இதைச் சரிசெய்யப் புதுத் திட்டம் தேவையில்லை. எத்தனை விளக்கு என்பதோடு, யார் எந்த நேரத்தில் எந்த வழியில் நடக்கிறார்கள் என்பதையும் ஒரு தாளில் வரைந்துவிட்டு எஸ்டிமேட் போட்டால் போதும். விளக்குத் தலைப்பில் இருக்கும் அதே பணம்தான்.

பாதிப் பாதி கணக்கு

மக்கள்தொகையில் பாதி பெண்கள், ஆகவே குடிநீர்த் தொட்டிச் செலவில் 50 சதவீதம் பெண்களுக்கு என்று எழுதிவிடுவது எளிது. அதனால் எதுவும் தெரியவராது. அப்படி எழுதினால் எந்தத் தலைப்பும் எந்த ஆண்டும் பாதிதான்.

இந்தக் குறை மேலிருந்தே வருகிறது. மத்திய அரசு 2005-06 முதல் பட்ஜெட்டோடு பாலின அறிக்கை ஒன்றை வெளியிடுகிறது. முழுக்கப் பெண்களுக்கான திட்டங்கள் முதல் பகுதியில், 30 முதல் 99 சதவீதம் வரை பெண்களுக்கானவை இரண்டாம் பகுதியில். 30 சதவீதத்துக்கும் குறைந்தவற்றுக்கு மூன்றாம் பகுதி 2024-25இல் சேர்ந்தது. பிரதமர் வீட்டுத் திட்டத்தின் தொகை முழுவதும் முதல் பகுதியில் இடம்பெற்றது, வீடு மனைவி பெயரிலோ கூட்டுப் பெயரிலோ பதிவாகிறது என்ற காரணத்தால். வீட்டில் குடியிருப்பது குடும்பம் முழுக்க. இப்படி ஒரு பெரிய திட்டம் நுழைந்தால் மொத்தத் தொகை ஊதிப்பெருகும், பெண்களுக்கு நிறையச் செய்ததுபோலத் தெரியும்.

உள்ளூரில் சரியான விகிதம் வேண்டுமென்றால் பதிவேடுகளுக்குப் போக வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தின் புறநோயாளிப் பதிவு, நூலக வருகைப் பதிவு, வீட்டு வரிப் பதிவேட்டில் யார் பெயர் என்பது. பதிவு இல்லாத இடத்தில், உதாரணமாகக் குழாயடியில், ஒரு வேலைநாளும் ஒரு ஞாயிறும் காலை 5 முதல் 9 வரை நின்று எண்ணலாம். அப்போதே இன்னொன்றும் கண்ணில் படும்: எந்தத் தெருக் குழாய், எந்தச் சமூகத்துப் பெண்கள், எத்தனை குடம், எவ்வளவு நேரம். "பெண்கள்" என்று ஒரே பத்தியில் அடைத்தால் காலனிப் பெண்களின் காத்திருப்பு ஊர்த்தெரு சராசரிக்குள் காணாமல் போய்விடும்.

கட்டினால் போதும் என்ற நினைப்பு

பெண்கள் கழிப்பறைதான் இதற்குச் சரியான உதாரணம். இடம் பிரிப்பதிலேயே சறுக்குகிறோம். ஆணுக்குப் பாதி, பெண்ணுக்குப் பாதி என்று சம பரப்பு பிரித்தால் நியாயம் போலத் தோன்றும். ஆனால் ஆண்கள் நின்றபடி சிறுநீர் கழிக்கும் பிறைகள் குறைந்த இடம் பிடிப்பதால் அதே பரப்பில் ஆண்களுக்கு அதிகம் பேர் பயன்படுத்தும் வசதி அமைந்துவிடும். தூய்மை இந்தியா வழிகாட்டியில் பொதுக் கழிப்பறைக்குப் பெண்களுக்கு முதல் 200 பேர் வரை 100 பேருக்கு 2 அறை, ஆண்களுக்கு 400 பேர் வரை 100க்கு 1. அதாவது 200 பெண்கள் வந்துபோகும் சந்தைக்கு 4 அறை வேண்டும்.

அடுத்தது பராமரிப்பு. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கட்ட 10 லட்சம். துப்புரவாளருக்கு மாதம் 8,000, தண்ணீர், மின்சாரம், தாழ்ப்பாள், பைப் பழுதுக்கு 3,000 என்று வைத்தால் ஆண்டுக்கு 1,32,000. இந்தத் தொகை எந்தத் தலைப்பில் இருந்து வரும் என்று எழுதாமல் திறப்பு விழா நடத்தினால், ஆறு மாதத்தில் பூட்டுத் தொங்கும். பதினைந்தாவது நிதிக்குழுவின் பரிந்துரைப்படி மத்திய அரசு ஊராட்சிகளுக்குத் தரும் மானியத்தில் (2021-26) 60 சதவீதம் குடிநீர், சுகாதாரப் பணிகளுக்குக் கட்டுண்டது. மீதி 40 சதவீதத்தைச் சம்பளத்துக்கும் நிர்வாகச் செலவுக்கும் தொடக்கூடாது. ஆகவே கட்டுவதற்கு முன்பே வீட்டு வரி போன்ற சொந்த வருவாயில் பராமரிப்புக்குத் தனி ஒதுக்கீடு போட வேண்டும்.

கட்டணத்தையும் பார்க்க வேண்டும். பல இடங்களில் ஆண்களுக்குச் சிறுநீர் கழிக்கக் காசில்லை, பெண்களுக்கு உண்டு. 5 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், காலையிலிருந்து மாலை வரை சந்தையில் கூடையோடு உட்காரும் அம்மாவுக்கு நாளுக்கு மூன்று தடவை, 25 நாளைக்கு 375 ரூபாய். தாங்காது. தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்வார். வரவுத் தலைப்பும் பாலின பட்ஜெட்டுக்குள் வருகிறது என்பதை இங்கேதான் மறந்துவிடுகிறோம். மாநில அரசு 2025 ஏப்ரல் முதல் பெண்கள் பெயரில் 10 லட்சம் வரை மதிப்புள்ள சொத்தைப் பதிந்தால் பதிவுக் கட்டணத்தைச் சொத்து மதிப்பில் 1 சதவீதம் குறைத்திருக்கிறது. 10 லட்சத்துக்கு 10,000 ரூபாய் மிச்சம். இதுவும் செலவு போடாமல், வரவை விட்டுக்கொடுத்துச் செய்ததுதான்.

அறிவிப்பையே செலவாக எடுத்துக்கொள்வதும் நடக்கிறது. ஒரே திட்டத்துக்கு மூன்று எண்கள் உண்டு: ஆண்டுத் தொடக்கத்தில் போடும் பட்ஜெட் மதிப்பீடு, இடையில் மாற்றும் திருத்திய மதிப்பீடு, இரண்டு ஆண்டு கழித்து வரும் உண்மைச் செலவுக் கணக்கு. மகளிர் உரிமைத் தொகை போல ஆளுக்கு 1,000 என்று வங்கிக்கே போகும் திட்டத்தில் சரிபார்ப்பது சுலபம். 2025-26க்கு ஒதுக்கியது 13,807 கோடி, சுமார் 1.15 கோடிப் பேருக்கு 12 மாதம் பெருக்கினால் ஏறக்குறைய பொருந்திவிடும். பயிற்சி, விழிப்புணர்வு என்று பெயர் வைத்த தலைப்புகளில்தான் மூன்று எண்களையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும்.

உள்ளாட்சியில் 50 சதவீத இட ஒதுக்கீடு இருக்கிறதே, பிறகென்ன என்பார்கள். நாற்காலியில் பெண் இருப்பதும் எஸ்டிமேட்டில் பெண்ணின் தேவை இருப்பதும் வேறு வேறு.

கடைசியாக, நேரம். ஊராட்சி வளர்ச்சித் திட்டத்துக்கான மக்கள் திட்டமிடல் பணி அக்டோபர் 2 கிராம சபையோடு சூடுபிடிக்கிறது. மகளிர் குழுக்களின் கூட்டமைப்பு தரும் தேவைப் பட்டியல் அதற்கு முன்பே தலைவர் அல்லது தனி அலுவலர் கைக்குப் போய்ச் சேர வேண்டும். ஜனவரி 26 கூட்டத்தில் எழுந்து கேட்டால், திட்டம் பெரும்பாலும் எழுதி முடிந்திருக்கும். தீர்மானத்தின் வாசகமும் முக்கியம். "பெண்களின் பாதுகாப்புக்கு ஆவன செய்ய வேண்டும்" என்று மினிட் புத்தகத்தில் எழுதினால் எந்தப் பொறியாளரும் அதற்கு எஸ்டிமேட் போட முடியாது. "கிழக்குத் தெரு கடைசி வீட்டிலிருந்து கிணற்றுமேடு வரை 6 எல்இடி விளக்கு, காலை 6 மணி வரை எரிய வேண்டும், செலவு பொது நிதியில்" என்று எழுதச் சொல்லுங்கள்.