அடிக்காப்புத் தகட்டை முறையாகப் பொருத்துவது எப்படி

கரடுமுரடான பாதையில் ஓடும் வண்டியின் அடிப்பகுதியில் எஞ்சினின் ஆயில் தேங்கும் கிண்ணமான ஆயில் சம்ப் உடைந்துபோனால், வண்டி அந்த இடத்திலேயே நின்றுவிடும். மெல்லிய இரும்புத் தகட்டாலோ வார்ப்பு அலுமினியத்தாலோ செய்யப்பட்ட அந்தக் கிண்ணத்தில் கூர்மையான கல் ஒன்று குத்திவிட்டால், ஆயில் முழுவதும் வடிந்துபோகச் சில நிமிடங்களே போதும். அதைக் கவனிக்காமல் எஞ்சினைத் தொடர்ந்து ஓட்டினால், பேரிங்குகள் உராய்ந்து எஞ்சினே இறுகிப்போகும். கியர்பாக்ஸ், நான்கு சக்கர இயக்க வண்டிகளில் முன், பின் அச்சுகளுக்கு விசையைப் பிரித்தளிக்கும் டிரான்ஸ்பர் கேஸ், எரிபொருள் டேங்க் ஆகியவையும் இதே ஆபத்தில்தான் இருக்கின்றன. இவற்றை மறைத்துக் காப்பதற்காக, வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸின் அடியில் பொருத்தப்படுவதே ஸ்கிட் பிளேட் எனப்படும் அடிக்காப்புத் தகடு.

தகடு எவ்வளவு தடிமன் என்பதைத்தான் பெரும்பாலோர் முதலில் கேட்கிறார்கள். அது எங்கே, எப்படி மாட்டப்படுகிறது என்பதையே முதலில் கேட்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பாறையின் மேல் வண்டி ஏறி உட்காரும்போது, அதன் எடையில் கணிசமான பங்கு ஒரு கணமாவது அந்தத் தகட்டின் மேல் இறங்குகிறது. அந்தச் சுமையைச் சேஸிஸுக்குக் கடத்திவிட்டு, கல்லின் மேல் வழுக்கிக்கொண்டு போவதுதான் தகட்டின் வேலை. கடத்தும் வழியிலுள்ள போல்ட்டுகளும் பிராக்கெட்டுகளும் பலவீனமாக இருந்தால், எவ்வளவு தடிமனான தகடும் மேல்நோக்கி வளைந்து, தான் காக்க வேண்டிய சம்ப்பையே இடித்துவிடும். ஆகையால் தகடு சேஸிஸ் சட்டத்திலோ, அதன் இரு பக்கங்களையும் இணைக்கும் குறுக்குச் சட்டமான கிராஸ் மெம்பரிலோ மட்டுமே தாங்கி நிற்க வேண்டும். எஞ்சினிலோ கியர்பாக்ஸிலோ அதை ஒருபோதும் மாட்டக் கூடாது. அவை ரப்பர் மவுண்ட்டுகளின் மேல் அசைந்துகொண்டே இருப்பவை என்பதோடு, தகட்டில் விழும் அடி நேராக அவற்றின் வார்ப்பு உடலுக்கே போய்ச் சேரும்.

தகட்டின் உலோகத்தைப் பொறுத்தவரை, இரும்பும் அலுமினியமும் வெவ்வேறு குணம் உடையவை. 3 மி.மீ. இரும்புத் தகடு ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 23.5 கிலோ எடை கொண்டது, 6 மி.மீ. அலுமினியமோ சுமார் 16 கிலோதான். எடை குறைவாக இருந்தும், இரண்டையும் தட்டையான தகடுகளாக ஒப்பிட்டால் அலுமினியத் தகடே இரண்டரை மடங்குக்கும் மேல் விறைப்பானது. ஏனெனில் விறைப்பு தடிமனின் மும்மடிக்கு ஏற்ப உயர்கிறது. ஆனால் பாறையின் மேல் இழுபடும்போது இரும்பு எளிதாக வழுக்கிச் செல்ல, மென்மையான அலுமினியமோ கல்லைக் கவ்விக்கொண்டு கீறிப்போகும். பாறைகளின் மேல் அடிக்கடி ஏறி இறங்குபவர்களுக்கு இரும்பையும், பெரும்பாலும் மண்பாதைகளில் நெடுந்தூரம் போகிறவர்களுக்கு அலுமினியத்தையும் நான் பரிந்துரைப்பேன். எஞ்சின் முதல் டேங்க் வரை முழுவதையும் இரும்பால் மூடும்போது கூடும் எடையை முன்பக்க ஸ்பிரிங்குகள் தாங்குமா என்பதையும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும்.

உங்கள் வண்டியின் மாடலுக்கென்றே வடிவமைக்கப்பட்ட தகடு கிடைக்குமானால் அதையே வாங்குங்கள். அவை பெரும்பாலும் சேஸிஸில் ஏற்கெனவே இருக்கும் துளைகளையே பயன்படுத்துபவை. சேஸிஸில் புதிய துளையிடுவதும் வெல்டிங் வைப்பதும், குறிப்பாக மோதலின்போது மடங்கிக் கொடுக்கும்படி அமைக்கப்பட்ட முன்பகுதியில் அவ்வாறு செய்வதும், அனுபவமுள்ளவரின் ஆலோசனை இல்லாமல் தொடக் கூடாத வேலைகள்.

வேலையைத் தொடங்குமுன் எஞ்சினும் சைலன்சர் குழாயும் நன்றாக ஆறியிருக்க வேண்டும். சமமான, கெட்டியான தரையில் வண்டியை நிறுத்தி, கைபிரேக்கைப் போட்டு, சக்கரங்களுக்கு அண்டை கொடுங்கள். தரைக்கும் வண்டிக்கும் இடையே போதிய உயரம் இருந்தால் தூக்காமலே வேலை செய்வது நல்லது. தூக்கித்தான் ஆக வேண்டுமென்றால், ஜாக்கியால் தூக்கியபின் சேஸிஸின் அடியில் ஜாக்கி ஸ்டாண்டுகளை வைத்து, வண்டியின் எடை அவற்றின் மேல் இறங்கிய பிறகே உள்ளே நுழையுங்கள். வெறும் ஜாக்கியை நம்பி, ஒரு நிமிட வேலைக்குக்கூட வண்டியின் அடியில் படுக்காதீர்கள். கண்களைக் காக்கும் பாதுகாப்புக் கண்ணாடி அவசியம். அடியிலிருந்து உதிரும் காய்ந்த மண்ணும் துருவும் நேராக முகத்தில்தான் விழும்.

தொழிற்சாலையில் பொருத்தப்பட்ட பிளாஸ்டிக் மறைப்பைக் கழற்றியதும், அடிப்பகுதி முழுவதையும் கழுவித் துடைத்துவிட்டு விளக்கு வெளிச்சத்தில் நிதானமாகப் பாருங்கள். ஆயில் கசிவோ, கிழிந்த ரப்பர் பூட்டோ, தளர்ந்த குழாயோ இருந்தால் அதை இப்போதே சரிசெய்துவிடுவது நல்லது. தகடு ஏறிய பிறகு சிறு கசிவுகள் அதன் மேலேயே தேங்கி, தரையில் சொட்டாமல் நெடுநாள் மறைந்து கிடக்கும்.

பொறுமை மிகுதியாகத் தேவைப்படுவது மரைகளில்தான். சேஸிஸுக்குள் பதிக்கப்பட்டிருக்கும் நட்டுகளில் மண்ணும் துருவும் ஆண்டுக்கணக்கில் அடைந்திருக்கும். அவற்றில் துருவை இளக்கும் எண்ணெயை முதல் நாள் இரவே அடித்து ஊறவிடுங்கள். பிறகு கம்பித் தூரிகையால் சுத்தம் செய்து, சரியான அளவுள்ள மரைவெட்டியைக் கையால் மெதுவாகச் சுற்றி மரையைச் சீராக்குங்கள். முன்னோக்கி அரைச்சுற்று, பின்னோக்கிக் கால்சுற்று என்று போனால் துகள்கள் சிக்காமல் வெளியேறும். ஒவ்வொரு போல்ட்டும் விரலாலேயே முழு ஆழத்துக்கும் இறங்குகிறதா என்று தகடு இல்லாமலே சோதித்துப் பாருங்கள். அங்கே இறுகும் போல்ட்டை ஸ்பேனரால் வற்புறுத்தினால், உள்ளேயிருக்கும் நட்டு சேஸிஸிலிருந்து பிடுங்கிக்கொண்டு கூடவே சுற்றத் தொடங்கிவிடும். அதைச் சரிசெய்வது தகட்டைப் பொருத்துவதைவிடப் பெரிய வேலை.

போல்ட்டுகள் குறைந்தது 8.8 என்ற வலிமைத் தரத்தில் இருக்கட்டும். தலையிலேயே அந்த எண் பொறிக்கப்பட்டிருக்கும். போல்ட்டின் தலை தகட்டின் பரப்புக்குக் கீழே துருத்திக்கொண்டிருந்தால், பாறை அதைத் தேய்த்து உருட்டிவிடும், சில வேளை அறுத்தும் எறிந்துவிடும். எனவே குழிக்குள் அடங்கும் தலை கொண்டவையே சிறந்தவை. அலுமினியத் தகட்டில் இரும்பு போல்ட் நேராகத் தொடும் இடத்தில் ஈரம் சேர்ந்தால், அலுமினியம் வெண்பொடியாக அரித்துப்போகும்; இடையில் நைலான் வாஷர் வைத்தும், மரையில் இறுகாமல் தடுக்கும் பசையைத் தடவியும் இதைத் தவிர்க்கலாம். அந்தப் பசை உராய்வைக் குறைப்பதால், அதே முறுக்கு விசைக்குப் போல்ட் கூடுதலாக இறுகும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

தகடு ஒன்றுக்கு மேற்பட்ட துண்டுகளாக இருந்தால், பின்பக்கத் துண்டிலிருந்து தொடங்கி முன்னோக்கி வருவதே பெரும்பாலும் சரியான வரிசை. முன் தகட்டின் பின்விளிம்பு, பின் தகட்டின் முன்விளிம்புக்குக் கீழே படிந்திருக்க வேண்டும். அப்போதுதான் முன்னோக்கிப் போகையில் கல் ஒரு தகட்டிலிருந்து அடுத்த தகட்டுக்கு வழுக்கிச் செல்லும். மாறாக வைத்தால், பின் தகட்டின் விளிம்பு கலப்பையைப்போலக் கல்லில் மாட்டிக்கொள்ளும். உற்பத்தியாளரின் குறிப்பு வேறு வரிசை சொன்னால் அதையே பின்பற்றுங்கள்.

தகட்டைத் தூக்கிப் பிடிக்க இன்னொருவர் இருப்பது நல்லது; இல்லையென்றால் தள்ளு ஜாக்கியின் மேல் மரக்கட்டை வைத்து, அதன் மேல் தகட்டைக் கிடத்தி மெல்ல உயர்த்தலாம். எல்லாப் போல்ட்டுகளையும் முதலில் விரலால் மட்டும் நான்கைந்து சுற்று ஏற்றுங்கள். முதல் முறை நான் இதைச் செய்தபோது, முன்பக்க இரண்டு போல்ட்டுகளையும் அவசரப்பட்டு முழுவதும் இறுக்கிவிட்டேன்; பின்பக்கத் துளைகள் 3 மி.மீ. விலகி நின்றன, எல்லாவற்றையும் கழற்றி மறுபடி தொடங்க வேண்டியதாயிற்று. துளைகளெல்லாம் பொருந்தியபின், எதிரெதிர் மூலைகளாக மாற்றி மாற்றிப் படிப்படியாக இறுக்கி, கடைசியில் முறுக்கு விசையை அளந்து இறுக்கும் டார்க் ரெஞ்சால் முடியுங்கள். உலர்ந்த 8.8 தரப் போல்ட்டுக்கு, 8 மி.மீ. அளவில் சுமார் 25 நியூட்டன் மீட்டர், 10 மி.மீ. அளவில் சுமார் 50 நியூட்டன் மீட்டர் என்பது பொதுவான அளவு. உங்கள் தகட்டோடு வந்த தாளில் வேறு எண் இருந்தால் அதுவே செல்லும்.

இறுக்கி முடித்ததும் இடைவெளிகளைச் சரிபாருங்கள். சம்ப்புக்கும் தகட்டுக்கும் இடையே ஒரு விரலாவது தாராளமாக நுழைய வேண்டும். சைலன்சர் குழாயின் அருகே அதைவிட அதிகம் வேண்டும். ஆயில் வடிக்கும் போல்ட்டுக்கும் ஃபில்டருக்கும் நேராகத் துளைகள் இருக்கின்றனவா, வழியும் ஆயில் தகட்டின் மேல் தேங்காமல் கீழே இறங்குமா என்று பாருங்கள். ஸ்டியரிங்கை இரு பக்கமும் கடைசி வரை திருப்பி, எதுவும் உரசவில்லை என்பதை உறுதிசெய்யுங்கள். வண்டியைத் தரையில் இறக்கியபின், ஒருவர் பிரேக்கை அழுத்தியபடி எஞ்சினை இயக்கி மெல்ல வேகத்தைக் கூட்ட, மற்றவர் பக்கவாட்டில் பாதுகாப்பான தூரத்தில் நின்று கேட்கட்டும். எஞ்சின் தன் மவுண்ட்டுகளில் அசையும்போது உலோகம் உலோகத்தில் தட்டும் ஓசை கேட்டால், அந்த இடத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்யாமல் பாதையில் இறங்காதீர்கள்.

முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் எல்லாப் போல்ட்டுகளையும் மறுபடி டார்க் ரெஞ்சால் சோதியுங்கள். தகடு தன் இருக்கையில் படிந்து சில போல்ட்டுகள் தளர்ந்திருக்கும். ஒவ்வொரு கடினமான பயணத்துக்குப் பிறகும் தகட்டின் மேல் அடைந்த மண்ணைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவிவிடுங்கள். ஈர மண் சேஸிஸைத் துருப்பிடிக்க வைக்கும். சைலன்சர் அருகே சிக்கிய காய்ந்த புல் அதைவிடக் கொடியது. அது தீப்பற்றக் கூடியது என்பதால், புல்வெளியைக் கடந்து வந்த அன்றே குனிந்து பார்த்துக் கையாலேயே இழுத்து அகற்றிவிடுங்கள்.