பனிக்காலத்தில் பின்சக்கர ஸ்போர்ட்ஸ் கார்: டயர் முதல் சறுக்கல் வரை

பின்சக்கரங்கள் தள்ளி ஓடும் ஸ்போர்ட்ஸ் காரைக் குளிர்காலம் முழுக்க ஷெட்டில் பூட்டி வைக்க வேண்டிய அவசியமில்லை. நல்ல பனி டயரும் அவசரப்படாத கால்களும் இருந்தால் போதும்; கோடை டயரோடு திரியும் நான்கு சக்கர இயக்க எஸ்யூவியை விட இது ஒழுங்காகவே திரும்பும், நிற்கும். நான்கு சக்கர இயக்கத்தின் பெரிய பலன் கிளம்பும்போதுதான். பிரேக் பிடிக்கையில் எல்லாக் காருக்கும் நான்கு சக்கரம்தான்.

ஆனால் இந்த வகைக் காரில் ஆக்சிலரேட்டர் தப்புகள் எல்லாம் வால் பக்கம் போய்ச் சேரும். அதிகமாக மிதித்தால் வால் வழுக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். சட்டென்று காலை எடுத்தாலும் வழுக்கும் என்பதைத்தான் பலர் கணக்கில் எடுப்பதில்லை.

டயர்

மற்ற எதில் காசு போடுவதற்கு முன்பும் இதில் போடுங்கள். கோடை டயரின் ரப்பர் சுமார் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறுகத் தொடங்கும். காய்ந்த ரோட்டிலேயே பிடிப்பு குறையும், பனியில் சொல்லவே வேண்டாம். டிராக் ஓட்டத்துக்கான ஒட்டும் டயர்கள் இன்னும் மோசம். மைனஸ் 7 டிகிரி அளவுக் குளிரில் வண்டியை நகர்த்தினாலே ரப்பரில் வெடிப்பு விழலாம் என்று தயாரிப்பாளர்களே எச்சரிக்கிறார்கள். அவற்றைக் கழற்றி, குளிர் அதிகம் ஏறாத இடத்தில் வையுங்கள்.

வாங்கும்போது டயரின் பக்கவாட்டில் மூன்று சிகர மலைக்குள் பனித்துகள் இருக்கும் சின்னத்தைத் தேடுங்கள். பனிப் பரப்பில் சோதித்துத் தேறிய டயருக்குத்தான் அது கிடைக்கும். எம் பிளஸ் எஸ் (சேறும் பனியும்) என்ற எழுத்து மட்டும் இருந்தால் நம்ப வேண்டாம். அதற்கு எந்தப் பனிச் சோதனையும் தேவையில்லை, தயாரிப்பாளரே போட்டுக்கொள்ளலாம்.

நான்கு சக்கரத்துக்கும் ஒரே டயர். 'பின்சக்கரம்தானே தள்ளுகிறது, அங்கே மட்டும் போடலாம்' என்று கணக்குப் போட்டால் கார் ஜோராகக் கிளம்பும். முதல் வளைவில் ஸ்டியரிங் திரும்பியும் வண்டி நேராகப் போகும். புது பனி டயரின் பள்ளம் பெரும்பாலும் 8 மி.மீ. அளவில் இருக்கும். 4 மி.மீ.க்குத் தேய்ந்ததும் பனியைப் பற்றும் குணம் பெருமளவு குறைந்துவிடும். ஆஸ்திரியச் சட்டம் 4 மி.மீ.க்குக் கீழே தேய்ந்த ரேடியல் டயரைக் குளிர்கால டயராகவே ஏற்பதில்லை. சட்டம் எப்படி இருந்தாலும் அந்த அளவில் மாற்றிவிடுவது நல்லது.

அகலத்தைக் குறையுங்கள். ஸ்போர்ட்ஸ் காரின் அகல டயர் புதுப்பனி மேல் மிதக்கும், முன்னால் பனியைக் குவித்துத் தள்ளும். ஒடுங்கிய டயர் பனியை வெட்டி அடியில் இறங்கும். ரிம்மை ஒரு இஞ்ச் குறைத்து, பக்கச்சுவரைக் கூட்டிக்கொள்ளலாம். உதாரணத்துக்கு 245/40 ஆர்18 டயரின் (245 மி.மீ. அகலம், அதில் 40 சதவீதம் பக்கச்சுவர் உயரம், 18 இஞ்ச் ரிம்) விட்டம் சுமார் 653 மி.மீ.; 225/50 ஆர்17 டயருடையது சுமார் 657 மி.மீ. ஒரு சதவீதம்கூட வித்தியாசமில்லை, ஸ்பீடோமீட்டர் கிட்டத்தட்ட அப்படியே காட்டும். உயரமான பக்கச்சுவர் இருந்தால் பனிக்குள் ஒளிந்திருக்கும் குழியில் ரிம் வளைவதும் குறையும். வாங்கும் முன் சிறிய ரிம், பிரேக் டிஸ்க்கைக் கவ்வும் காலிப்பரைத் தாண்டி உட்காருமா என்று பார்க்க வேண்டும். பின்னால் அகல டயர் வரும் கார் என்றால், முன், பின் விட்டங்களின் விகிதம் தயாரிப்பாளர் தந்தபடி இருக்க வேண்டும். மாறினால், பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ்ஸும், கார் வழுக்காமல் காக்கும் ஈஎஸ்சியும் குழம்பும்.

காற்றழுத்தம் ஒவ்வொரு 5 முதல் 6 டிகிரி குளிருக்கும் ஏறத்தாழ 1 பிஎஸ்ஐ இறங்கும். 20 டிகிரி இருக்கும் கராஜில் சரியாக அடித்த டயர், மைனஸ் 15-ல் வெளியே நின்றால் 6 பிஎஸ்ஐ குறைவாகக் காட்டும். ஆகவே வண்டி இரவு முழுக்க வெளியே நின்ற பிறகு, ஓட்டும் முன் பாருங்கள். பிடிப்பு கூடும் என்று வேண்டுமென்றே காற்றை இறக்குவது மணலுக்குச் சரி. பனிச் சாலையில் கார் தளதளவென்று ஆடத்தான் உதவும்.

எடையும் டிஃபரன்ஷியலும்

இன்ஜின் முன்னால் இருக்கும் காரில் வால் லேசு. டிக்கியில் 30 முதல் 50 கிலோ மணல் மூட்டை வைத்தால் கிளம்புவது எளிதாகும். வைக்கும் இடம்தான் முக்கியம்: பின் அச்சுக்கு நேர் மேலே, அல்லது அதற்குக் கொஞ்சம் முன்னால். பம்பரை ஒட்டி வைத்தால் முன்சக்கரத்தின் பாரம் குறைந்து ஸ்டியரிங் மந்தமாகும். வால் ஒருமுறை வீசினால் அந்த எடையே அதை மேலும் இழுத்துக்கொண்டு போகும். மூட்டையைக் கட்டிவைக்க வேண்டும், இல்லாவிட்டால் விபத்தில் அதுவே ஆளை அடிக்கும். இன்ஜின் பின்னாலேயே இருக்கும் போர்ஷே 911 போன்ற காருக்கு இது எதுவும் வேண்டாம். எடையில் பெரும்பங்கு ஏற்கெனவே அங்கேதான் இருக்கிறது.

இன்ஜின் விசையை இரண்டு பின்சக்கரங்களுக்கும் பங்கிடும் பாகம்தான் டிஃபரன்ஷியல். ஒரு சக்கரம் மட்டும் சுழல்வதைக் கட்டுப்படுத்தும் லிமிடெட் ஸ்லிப் வகை பனியில் இரண்டு பக்கமும் வெட்டும். சாதாரண டிஃபரன்ஷியலில் ஒரு சக்கரம் சும்மா சுழலும், கார் கிளம்பாது. ஆனால் சுழலாத மற்ற சக்கரம் வாலைப் பிடித்து வைத்திருக்கும். லிமிடெட் ஸ்லிப் இருந்தால் கார் கிளம்பும். மிஞ்சி மிதித்தால் இரண்டு சக்கரமும் சேர்ந்து சுழன்று, சாலை சரிந்திருக்கும் பக்கம் வால் நழுவும். பிடிப்புள்ள சக்கரத்துக்குப் பல்சக்கரங்களால் விசையைப் பெருக்கித் தரும் டார்சென் வகை லிமிடெட் ஸ்லிப்பில் இன்னொரு சிக்கல்: ஒரு சக்கரம் முழு ஐஸ் மேல் நின்றால், பெருக்க அங்கே முறுக்குவிசையே இல்லாததால் அது சாதாரண டிஃபரன்ஷியல் போலவே ஆகிவிடும். லீவர் ஹேண்ட்பிரேக் உள்ள காரானால் அதை இரண்டு மூன்று கிளிக் இழுத்தபடி மெதுவாக மிதித்துப் பாருங்கள். சுழலும் சக்கரத்துக்கு எதிர்ப்பு கிடைத்து, மற்றதற்கும் விசை போகும். நகர்ந்ததும் விட்டுவிடுங்கள்.

ஓட்டுவது

ஸ்டியரிங்கை நேராக வைத்து, இரண்டாம் கியரில் கிளம்புங்கள். கிளட்ச் பிடிக்கத் தொடங்கும் இடத்தில் ஒரு நொடி நிறுத்தி, ஐட்லிங்குக்குச் சற்று மேலே விட்டாலே போதும். கியரைச் சீக்கிரம் ஏற்றி 2,000 ஆர்பிஎம் பக்கமாக ஓட்டுங்கள். டர்போ கார்களில் பூஸ்ட் (டர்போ தரும் கூடுதல் விசை) திடீரென்று வரும் இடத்தைத் தெரிந்துகொண்டு அதற்குக் கீழேயே இருங்கள். ஆட்டோமேட்டிக் என்றால் ஸ்னோ மோட். ஸ்போர்ட் மோட் கியரைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதால் வேண்டாம். ஓடும் சாலையில் ஈஎஸ்சியை அணைக்காதீர்கள். ஆனால் அது இருக்கும் பிடிப்பைப் பங்கிட்டுத் தரும், அவ்வளவுதான், இல்லாததை உண்டாக்காது.

வளைவில் வேலைகளைக் கலக்கக் கூடாது. நேராக இருக்கும்போதே பிரேக்கை முடியுங்கள், பிறகு திருப்புங்கள், ஸ்டியரிங் நிமிர நிமிர ஆக்சிலரேட்டரைக் கொடுங்கள். பிரேக் போட்டபடி திருப்பினால் டயர் இரண்டையும் அரைகுறையாகச் செய்யும்.

இனி முன்னே சொன்ன காலை எடுக்கும் சமாசாரம். முன்சக்கர இயக்கக் காரில் இன்ஜின் பிரேக்கிங் (காலை எடுத்ததும் இன்ஜினே வண்டியை மந்தமாக்குவது) முன்சக்கரத்தைப் பிடிக்கும். இங்கே அது பின்சக்கரத்தை மட்டும் பிடிக்கும். வளைவில் ஹேண்ட்பிரேக் போட்டதற்குச் சமம். அதே நேரத்தில் எடையும் முன்னால் சாய்ந்து பின்சக்கரம் லேசாகிவிடும். மூன்றாம் கியரிலிருந்து இரண்டுக்கு இறக்கி, ஆர்பிஎம்மைப் பொருத்தாமல் கிளட்சை டப்பென்று விடுவது ஐஸில் காரைச் சுற்ற வைக்கும் நிச்சயமான வழி. கியர் இறக்கும்போது ஆக்சிலரேட்டரை ஒரு தட்டு தட்டி ஆர்பிஎம்மை ஏற்றிய பிறகு கிளட்சை விடுங்கள். இறக்கத்தில் கீழ் கியர் நல்லது என்பார்கள். வழுக்கும் இறக்கத்தில் வால் ஆடத் தொடங்கினால் கிளட்சை மிதித்து, ஏபிஎஸ் உள்ள பிரேக்கால் நான்கு சக்கரத்திலும் வேகத்தைக் குறைப்பதே பாதுகாப்பு. பின்சக்கர இயக்க மின்சாரக் காரிலும் இதே கதைதான். காலை எடுத்ததும் மோட்டாரே வேகத்தைக் குறைத்து பேட்டரியை ஏற்றும் ரீஜெனரேட்டிவ் பிரேக்கிங்கைக் கீழ் அளவுக்கு இறக்கிவிடுங்கள்.

வால் ஆடுவதோடு நிற்காமல் முழுக்க வீசிவிட்டால் பிரேக்கைத் தொடாதீர்கள். மிதித்ததால் வீசியது என்றால் ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் தளர்த்துங்கள், முழுக்க எடுக்க வேண்டாம். காலை எடுத்ததால் வீசியது என்றால் கிளட்சை மிதியுங்கள். போக வேண்டிய இடத்தைப் பார்த்து, வால் போகும் பக்கமே ஸ்டியரிங்கைத் திருப்புங்கள். வால் நின்று திரும்பி வரத் தொடங்கும் அந்தக் கணத்தில், கார் நேராகும் முன்பே ஸ்டியரிங்கை நிமிர்த்த ஆரம்பிக்க வேண்டும். முதல் சறுக்கலைப் பலரும் பிடித்துவிடுவார்கள். ஸ்டியரிங்கை நிமிர்த்தத் தாமதமானால் எதிர்ப்பக்கம் வரும் இரண்டாம் வீச்சு முதலை விட வேகமாக இருக்கும், காரைப் பள்ளத்தில் இறக்குவது பெரும்பாலும் அதுதான்.

முன்பக்கம் நேராக வழுக்கினால் இன்னும் திருப்பத்தான் கை போகும். செய்யாதீர்கள். ஆக்சிலரேட்டரை மெல்லத் தளர்த்தி, ஸ்டியரிங்கைச் சற்றுத் திரும்ப விடுங்கள். முன் டயர் மறுபடி பிடிக்கும்.

இவற்றையெல்லாம் படித்து வராது. தூண், கட்டை எதுவுமில்லாத காலி மைதானத்தில், இடத்துக்காரரின் அனுமதியோடு, 20 முதல் 25 கி.மீ. வேகத்தில் செய்து பாருங்கள். முதலில் ஏபிஎஸ் காலடியில் துடிக்கும் வரை முழு பிரேக். அடுத்தது, வட்டமடிக்கும்போது காலை எடுத்து வாலை ஆட விட்டுப் பிடிப்பது.

வேகக் கணக்கு எளிது: 60-லிருந்து 40 ஆகக் குறைத்தால் பிரேக் தூரம் பாதிக்கும் கீழே இறங்கும். முன்னால் போகும் வண்டிக்கு 8 முதல் 10 நொடி இடைவெளி விடுங்கள். மைனஸ் 15-ஐ விட 0 டிகிரிக்கு அருகே அதிக கவனம் வேண்டும். அப்போது ஐஸ் மேல் நீர்ப்படலம் இருப்பதால்தான் மிக மோசமாக வழுக்கும். பாலங்களும் நிழல் விழும் வளைவுகளும் முதலில் உறையும்.

ஏற்றத்தில் எடை பின்னால் சாய்வதால் இந்தக் காருக்குச் சாதகம். அடிவாரத்திலேயே வேகத்தைச் சேர்த்து, நடுவில் நிற்காமல் ஏறுங்கள். ஏற்றத்தில் ரிவர்ஸ் எடுத்து ஏற முயல வேண்டாம், தள்ளும் சக்கரத்திலிருந்து எடை விலகிவிடும்.

ஆழமான பனியும் சிக்கிக்கொண்டால் செய்வதும்

ஸ்போர்ட்ஸ் காரின் அடித்தளம் தரையிலிருந்து பெரும்பாலும் 12, 13 செ.மீ. உயரத்தில்தான் இருக்கும். அதைத் தாண்டிய பனியில் கார் அடிவயிற்றில் ஏறி உட்கார்ந்து, சக்கரம் காற்றில் சுழலும். எந்த டயரும் இதற்கு உதவாது, அன்றைக்கு வெளியே எடுக்காதீர்கள். முன் பம்பரின் காற்றுவழியில் பனி அடைத்தால் இன்ஜின் சூடேறும். ரிம்முக்குள் பனி ஒட்டிக்கொண்டால் நெடுஞ்சாலையில் ஸ்டியரிங் நடுங்கும். அலைன்மென்ட் பார்க்க ஓடும் முன் ரிம்மைத் தட்டிச் சுத்தம் செய்யுங்கள்.

பனியில் பிடிப்புக்காக டயர் மேல் சுற்றும் செயினைப் பின்சக்கரத்துக்குத்தான் மாட்ட வேண்டும். பல ஸ்போர்ட்ஸ் கார்களில் டயருக்கும் சஸ்பென்ஷனுக்கும் நடுவே இடம் போதாது; கார் கையேடு எந்த அளவு டயரில் எத்தனை மி.மீ. செயினை அனுமதிக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் உச்சவேகம் 50 கி.மீ. மாட்டிக் கொஞ்சத் தூரம் ஓட்டியதும் நிறுத்தி மறுபடி இறுக்குங்கள்.

சிக்கிக்கொண்டால் முதலில் சைலன்சர் வாயில் இருக்கும் பனியை அகற்றுங்கள். அது அடைபட்டபடி இன்ஜினை ஓட விட்டால் கார்பன் மோனாக்சைடு உள்ளே வந்து ஆளைக் கொல்லும். பிறகு பின்சக்கரத்துக்கு முன்னாலும் பின்னாலும் மண்வெட்டியால் தோண்டி மணல் தூவுங்கள். டிராக்‌ஷன் கன்ட்ரோலை அணைக்க வேண்டிய சந்தர்ப்பம் இது. இரண்டாம் கியருக்கும் ரிவர்ஸுக்கும் மாற்றி மாற்றி ஊஞ்சல் போல ஆட்டி வெளியே எடுங்கள். சக்கரத்தைச் சுழலவிட்டால் சூட்டில் பனி உருகி அடியில் கண்ணாடியாக உறையும். இழுவைக் கொக்கி எங்கே திருகும் என்று முன்கூட்டியே பார்த்து வையுங்கள். பல கார்களில் அது இடப்பக்கம் திருப்பினால் இறுகும்.

பராமரிப்பு

மைனஸ் 18-ல் பேட்டரியின் திறன் ஏறத்தாழ பாதியாகும், அக்டோபருக்குள் சோதித்துவிடுங்கள். கூலன்ட்டும் தண்ணீரும் சரிபாதி இருந்தால் மைனஸ் 37 வரை உறையாது. ஃபிரேம் இல்லாத கதவுக் கண்ணாடி உறைந்து ஒட்டியிருக்கையில் கதவை இழுத்தால் ரப்பர் கிழியும் அல்லது கண்ணாடி மோட்டார் போகும். ரப்பருக்குச் சிலிகான் தடவி வையுங்கள். எல்இடி முகப்பு விளக்கு பனியை உருக்கும் அளவுக்குச் சூடாகாது, வழியில் நிறுத்தித் துடைக்க வேண்டியிருக்கும்.

சாலை உப்புக்கு வாரம் ஒருமுறை அடிப்பகுதியைக் கழுவுங்கள், உறைநிலைக்கு மேலே இருக்கும் நாளில். கழுவிய உடனே நிறுத்தினால் பிரேக் பேட் டிஸ்க்கோடு உறைந்து ஒட்டிக்கொள்ளும். கொஞ்சத் தூரம் ஓட்டி, பிரேக்கை லேசாக மிதித்து உலர்த்துங்கள். சமதரையில் ஹேண்ட்பிரேக் போடாமல் கியரிலேயே விட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்து நிறுத்துங்கள்.