பிள்ளையுடன் வில்பத்துவுக்கு: யாழ்ப்பாணத்திலிருந்து இரண்டு இரவுப் பயணம்

எனது மகளுக்கு ஏழு வயதாக இருந்தபோது அவளை முதன்முதலாக வில்பத்து தேசிய பூங்காவுக்கு அழைத்துச் சென்றேன். அதிகாலை நான்கு மணிக்கு யாழ்ப்பாணத்தில் புறப்பட்டு அன்று பிற்பகலே ஜீப்பில் ஏறியதன் பலனாக, கரடியொன்று எங்களுக்கு முன்னால் பாதையைக் கடந்த வேளையில் அவள் என் மடியில் வாய் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். அந்தக் கரடி நான் கட்டிவிட்ட கதை என்றுதான் அவள் இன்றுவரை சொல்கிறாள். வாகனம் ஓடும் நாளையும் காட்டுக்குள் நுழையும் நாளையும் ஒன்றாக்கக் கூடாது என்பதை அன்று கற்றேன்; பின்வரும் திட்டம் முழுவதும் அதன்மீதே அமைந்துள்ளது.

நீண்ட பயணத்துக்கு முன்னர், அரைநாள் ஒத்திகையாகச் சுண்டிக்குளத்துக்குச் சென்று வருவது நல்லது. 1938 இல் சரணாலயமாக்கப்பட்டு 2015 இல் தேசிய பூங்காவாகத் தரமுயர்த்தப்பட்ட இக்களப்புப் பகுதிக்கு மாரிகாலத்தில் வலசைப் பறவைகள் வருகின்றன. மழை ஓய்ந்து நீர் வற்றத் தொடங்கும் பெப்ரவரி மாதம், சேறு குறைந்தும் பறவைகள் இன்னும் புறப்படாமலும் இருக்கும் வசதியான காலம். பூநாரைகள் கூட்டமாக நிற்பதைத் தொலைநோக்கியால் பார்க்கும் பிள்ளை, சத்தமிடாமல் எவ்வளவு நேரம் இருக்கக்கூடியது என்பதையும், மணல் வீதிக் குலுக்கலில் அதற்குச் சத்தி வருமா என்பதையும் பெற்றோர் அன்றே அறிந்துகொள்ளலாம். போர் நடந்த நிலமாகையால், வழமையாக மக்கள் நடமாடும் தடத்தை விட்டுப் பற்றைகளுக்குள் இறங்க வேண்டாம்.

வில்பத்துவுக்கான நாளைக் குறிப்பதில் நமக்கேயுரிய சிக்கல் ஒன்று உண்டு. ஓகஸ்ட் விடுமுறை வறண்ட காலத்தில் வருவதால் விலங்குகளைக் காண ஏற்றது. ஆனால் நல்லூர்த் திருவிழாவும் பெரும்பாலும் அதே நாட்களில்தான் நடைபெறும். வீட்டில் விரதம் இருப்பவர்கள் தீர்த்தம் முடிந்த பின்வரும் வார இறுதியைத் தெரிவு செய்யலாம். என்னைக் கேட்டால், ஜூன் மாதத்து வெள்ளி முதல் ஞாயிறு வரையான மூன்று நாட்களைச் சொல்வேன். அது பாலைப்பழக் காலம். வன்னியில் வீதியோரம் விற்கும் அந்த மஞ்சள் பழத்தை வாங்கிப் பிள்ளையின் கையில் கொடுத்து, இதை உண்பதற்காகவே கரடி பாலை மரத்தில் ஏறும் என்று சொல்லிவைத்தால், மறுநாள் காட்டில் ஒவ்வொரு பாலை மரத்தையும் அது தானே அண்ணாந்து பார்க்கும். பழத்தின் பால் உதட்டில் பிசினாக ஒட்டிக்கொள்ளும். சிறிது தேங்காய் எண்ணெய் தடவினால் போய்விடும்.

முதல் நாள் காலை ஆறு மணியளவில் புறப்பட்டால் போதுமானது. அநுராதபுரம் வரை ஏறத்தாழ 195 கிலோமீற்றர்; பெரியவர்கள் மட்டும் சென்றால் நான்கு மணித்தியாலம், பிள்ளையுடன் என்றால் ஐந்துக்கு மேல் என்று கணக்கிடுங்கள். காலை உணவாக இடியப்பமும் சம்பலும் கட்டிக்கொள்ளலாம். சத்தி எடுக்கும் பிள்ளைக்கு வெறும் பாணும் தேசிக்காயும் பாதுகாப்பு. முறிகண்டியில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கி, கால் நீட்டி நடந்துவிட்டுத்தான் எந்த வாகனமும் தெற்கே போகும் என்பதால் முதல் ஓய்விடத்தைத் தேடவேண்டியதில்லை. வவுனியாவில் எரிபொருள் நிரப்பிக்கொள்ளுங்கள். மதவாச்சியைத் தாண்டி அநுராதபுரம் சென்று, புத்தளம் வீதியில் மேற்கே முப்பது கிலோமீற்றர் அளவு போனபின் பிரியும் கிளைவீதி ஹுனுவிலகம நுழைவாயிலை அடையும். அந்தச் சுற்றுப்புறத்திலுள்ள விடுதியொன்றில் இரண்டு இரவுகளை முன்கூட்டியே பதிவு செய்து, பிற்பகல் முழுவதும் பிள்ளையைத் தூங்கவும் விளையாடவும் விடவேண்டும். மாலையானதும் இப்பகுதி வீதிகளில் யானைகள் குறுக்கிடக்கூடுமாதலால், இருட்டுமுன் விடுதியை அடைந்துவிடுவது கட்டாயம்.

காட்டுக்குள் சாதாரண கார் உதவாது. நான்கு சக்கர உந்துவிசையுள்ள ஜீப்பை விடுதி மூலமாகவே ஒழுங்குசெய்து, விலையையும் நேரத்தையும் முதல்நாள் இரவே பேசி முடியுங்கள். நுழைவுச்சீட்டில் உள்நாட்டவருக்கும் வெளிநாட்டவருக்கும் இடையே பெரும் வேறுபாடு உண்டு. தேசிய அடையாள அட்டையைக் கையில் வைத்திருங்கள். கனடாவிலிருந்து வந்த மாமா உடன் வருவதாயின், வாயிலில் முகம் சுருங்காதிருக்க அவருக்கு முன்னரே சொல்லிவைப்பது நன்று.

வாயில் காலை ஆறு மணிக்குத் திறக்கும். அதற்கு முன்னரே அங்கு நிற்க வேண்டும். முழுநாள் பயணத்தை ஜீப்காரர்கள் விரும்பிச் சொல்வார்கள், ஆனால் பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு ஆறு முதல் பத்தரை வரையான அரைநாளே அளவு. அல்லி அரசாணியின் கதையோடு நம்மவர் வாயில் வழங்கும் குதிரைமலை இப்பூங்காவின் கடற்கரையில்தான் இருக்கிறது. அங்கு போய்வர ஒரு நாள் முழுதும் செல்லும் என்பதால், முதற் பயணத்தில் அந்த ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள்.

வில்பத்துவின் உயிர் அதன் வில்லுகளில் இருக்கிறது. மணற்கரை சூழ்ந்த தாழ்நிலங்களில் மழைநீர் தேங்கி உண்டான இயற்கைக் குளங்கள் இவை. 1,300 சதுர கிலோமீற்றருக்கு மேற்பட்ட அடர்காட்டில் விலங்கைத் துரத்தி ஓடுவதைவிட, வில்லு ஒன்றின் கரையில் இயந்திரத்தை நிறுத்தச் சொல்லி இருபது நிமிடம் காத்திருப்பதே பயன் தரும். புள்ளிமான், மயில், முதலை, மஞ்சள் மூக்கு நாரை ஆகியவை பெரும்பாலும் அங்கே வரும். சிறுத்தை வரலாம், வராமலும் போகலாம்; அதைக் காட்டுவதாகப் பிள்ளைக்கு வாக்குக் கொடுக்காதீர்கள். எங்கள் இரண்டாம் பயணத்தில் என் மகள் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தது, யானைச் சாணத்தைப் பாக்களவு உருண்டையாக்கிப் பின்னங்கால்களால் தள்ளிச்சென்ற ஒரு வண்டைத்தான். அந்த உருண்டை சக்கரத் தடத்தில் விழுந்ததும் வண்டு மறுபடியும் கீழிறங்கித் தள்ளத் தொடங்கியது. சாரதி பொறுமையாகக் காத்திருந்தார்.

ஜீப்காரர்களுட் பலர் சிங்களம் பேசுபவர்கள். அலியா என்றால் யானை, வலஹா கரடி, மொனரா மயில், கிம்புலா முதலை, நவத்தன்ன என்றால் நிறுத்துங்கள்: இந்த ஐந்து சொற்களைப் பிள்ளைக்கு வழியிலேயே கற்றுக்கொடுத்தால், காட்டில் அதுவே உங்களுக்கு மொழிபெயர்ப்பாளர் ஆகிவிடும். அனுமதிக்கப்பட்ட இடங்களில் மட்டுமே இறங்கலாம் என்பதால், சலம் கழிக்கும் தேவையை வாயிலிலேயே முடித்துக்கொள்ளவும். தூசிக்கு ஒரு பருத்தித் துணி, தொப்பி, முழுக்கைச் சட்டை, ஆளுக்கு இரண்டு போத்தல் தண்ணீர், நுளம்புக்குப் பூசும் மருந்து ஆகியவற்றுக்கு மேல் அதிகம் தேவையில்லை.

விடுதிக்குத் திரும்பியதும் பிள்ளையின் காதோரம், கக்கம், முழங்கால் மடிப்பு ஆகிய இடங்களில் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துக் குளிக்க வையுங்கள். தூங்கி எழுந்த பின் அதுவாகவே கேட்டால் மட்டும், பிற்பகல் மூன்று மணிக்கு இன்னொரு சுற்றுப் போகலாம். மூன்றாம் நாள் காலை உணவு முடித்துப் புறப்பட்டால், பிற்பகல் மூன்று மணிக்குள் ஆனையிறவைத் தாண்டிவிடலாம்.