நானோ யூரியா பாட்டிலைப் பற்றி அரசிடம் கேள்வி கேட்பது எப்படி?

"அண்ணே, இந்த நானோ பாட்டிலையும் எடுத்துக்கங்க, அப்பதான் யூரியா மூட்டை தருவோம்." போன சம்பாவுக்கு எங்கள் ஊர்க் கடையில் கேட்ட பேச்சு இது. நானோ பாட்டில் என்பது இலையில் தெளிக்கிற திரவ யூரியா. உங்களுக்கும் நடந்தால் சண்டை போடாதீர்கள், இரண்டுக்கும் தனித்தனியாக விலை போட்ட பில்லைக் கேட்டு வாங்குங்கள், பின்னால் அதுதான் பேசும்.

அப்புறம் லேபிளைப் படியுங்கள். 2021-ல் இப்கோ என்ற உரக் கூட்டுறவு நிறுவனம் கொண்டுவந்த முதல் நானோ யூரியாவில் நைட்ரஜன் 4 சதவீதம். அரை லிட்டர் பாட்டிலுக்குக் கணக்குப் போட்டால் சுமார் 20 கிராம். 45 கிலோ மூட்டையிலோ 46 சதவீதம், அதாவது 20 கிலோவுக்கும் மேல். துகள் பொடிசு, இலை வழியே நேராக உள்ளே போகும், வீணாகாது என்கிறார்கள், மூட்டை யூரியாவில் நிறைய வீணாகிறது என்பதும் உண்மைதான், ஆனால் ஆயிரம் மடங்கு வித்தியாசத்தை அது மட்டும் ஈடுகட்டிவிடுமா? பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழகம் இரண்டு வருடம் வயலில் போட்டுப் பார்த்தபோது நெல், கோதுமை இரண்டிலுமே விளைச்சல் குறைந்தது.

சரி, இதை யாரிடம் கேட்பது? தகவல் உரிமைச் சட்டத்தில், மத்திய வேளாண் அமைச்சகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு மனு. தமிழிலேயே எழுதலாம், கட்டணம் 10 ரூபாய், போஸ்டல் ஆர்டர் போதும், எதற்காகக் கேட்கிறீர்கள் என்ற காரணம் சொல்ல வேண்டியதில்லை. வேறு துறைக்குப் போக வேண்டியது என்றால் 5 நாளில் அவர்களே அனுப்பிவைக்க வேண்டும்.

பலரும் சறுக்குவது கேள்வியில்தான். "இது பாதுகாப்பானதா?" என்று கேட்டால் பதில் வராது, ஏனென்றால் கருத்து சொல்ல அவர்களுக்குக் கடமை இல்லை, கையிலிருக்கும் ஆவணத்தைத் தரத்தான் கடமை. அதனால் இப்படி எழுதுங்கள்: "2021 பிப்ரவரியில் உரக் கட்டுப்பாட்டு ஆணையின் கீழ் நானோ யூரியாவை அறிவிக்கும் முன் பெறப்பட்ட வயல் சோதனை அறிக்கைகளின் நகல், எந்தெந்தப் பயிரில், எத்தனை பருவம் என்ற விவரத்துடன் தேவை." இன்னொன்று: "தெளிப்பவர் மூச்சு வழியாகவும் தோல் வழியாகவும் உள்ளே செல்வது குறித்த நச்சுத்தன்மைச் சோதனை அறிக்கைகளின் நகல்." இந்த இரண்டாவதை விட்டுவிடாதீர்கள். முதுகில் டேங்கைச் சுமந்து, வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு எதிர்காற்றில் மருந்தடிக்கிற கூலியாள்தான் இதை முதலில் சுவாசிக்கிறார், அவரிடம் யாரும் எதையும் கேட்டதில்லை.

30 நாளில் பதில் வரவேண்டும். வணிக ரகசியம் என்று மறுத்தால் விட்டுவிடாதீர்கள், அப்படி மறுக்க இடம் தரும் தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(d) பிரிவே, பொதுநலன் பெரிதென்றால் அதையும் தரலாம் என்று சொல்கிறது. அதைக் குறிப்பிட்டு 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு போடுங்கள், அங்கும் கிடைக்கவில்லை என்றால் 90 நாளுக்குள் மத்திய தகவல் ஆணையம்.

வந்த பதிலையும் கடை பில்லையும் சேர்த்து கலெக்டர் ஆபீஸில் மாதம்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் மனுவாகக் கொடுங்கள், தனியாகப் போகாமல் நாலைந்து பேராகப் போங்கள், மனு பெற்றதற்கான ரசீதை வாங்காமல் திரும்பாதீர்கள்.