நியமனக் கடிதத்தில் இருக்கும் பதவிப்பெயரை வாசிப்பது எப்படி? மென்பொருள் வேலைக்கு மலையிறங்கும் பிள்ளைகளுக்கு ஒரு வழிகாட்டி

எங்கள் கோத்தகிரிப் பக்கத்தில் எஸ்டேட் குடும்பத்துப் பிள்ளைகளிடம் ‘கண்டக்டர்’ என்று சொன்னால், அவர்கள் பேருந்தில் சீட்டுக் கொடுப்பவரை மட்டும் நினைப்பதில்லை. காலையில் ஆள் கணக்கெடுத்து, எந்தப் பகுதியில் இன்று கொழுந்து பறிப்பது என்று பிரித்து அனுப்பும் மேற்பார்வையாளரையும் நினைப்பார்கள். அதுபோலவே தேயிலைத் தொழிற்சாலையின் ‘டீ மேக்கர்’ தேநீர் போடுபவர் அல்லர். இலையை வாட்டுவதில் தொடங்கித் தூளைத் தரம் பிரிப்பது வரை உற்பத்திக்குப் பொறுப்பேற்பவர். பெயரைக் கேட்டவுடன் வேலையை ஊகிக்காமல், அந்த இடத்தில் அந்தப் பெயருக்கு என்ன வேலை என்று விசாரிக்கும் பழக்கம் நமக்கு ஏற்கெனவே உண்டு. மென்பொருள் நிறுவனத்தின் கடிதத்தைப் பிரிக்கும்போது மட்டும் அதை மறந்துவிடுகிறோம்.

சென்ற ஜூலை மழையில், மின்சாரம் போயிருந்த ஒரு மாலையில், பக்கத்து வீட்டுப் பெண் இரண்டு கடிதங்களுடன் வந்தாள். கோவையில் பொறியியல் முடித்தவள். “அக்கா, இதுல சாப்ட்வேர் இன்ஜினியர்னு போட்டிருக்காங்க, அதுல வெறும் டிரெய்னின்னுதான் இருக்கு. முதல் கம்பெனிக்கே சரின்னு சொல்லிடட்டுமா?” என்று கேட்டாள். “இரும்மா, மூணாம் பக்கத்தைப் படிச்சியா?” என்று கேட்டு, கைபேசி வெளிச்சத்தில் இருவரும் படித்தோம். ‘சாப்ட்வேர் இன்ஜினியர்’ என்ற கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில், சுழற்சி முறையில் இரவுப் பணி, குறித்த நேரத்துக்குள் டிக்கெட்டுகளை, அதாவது பதிவான புகார்களை, முடித்தல், வாடிக்கையாளரின் பழுதுகளை உரிய குழுவுக்கு அனுப்புதல் என்று இருந்தது. அது சப்போர்ட் வேலை, அதாவது ஏற்கெனவே ஓடும் மென்பொருளின் பழுதுகளைக் கவனிப்பது. ‘டிரெய்னி’ கடிதத்தின் இணைப்பில், ஆறு மாதப் பயிற்சிக்குப் பின் ஜாவாவில் நிரல் எழுதும் குழுவில் சேர்க்கப்படுவார் என்று தெளிவாக எழுதியிருந்தார்கள்.

அவளுடைய கேள்வி என்னை உலுக்கியதற்குக் காரணம் உண்டு. என் முதல் கடிதத்திலும் சாப்ட்வேர் இன்ஜினியர் என்றுதான் இருந்தது. ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் இரவு ஷிப்டில் டிக்கெட் மூடியபின் அடுத்த நிறுவனத்தின் நேர்காணலுக்குப் போனபோது, நான் எழுதிய நிரல் எது என்று கேட்டார்கள். காட்டுவதற்கு என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. யாராவது முன்கூட்டியே அந்த மூன்றாம் பக்கத்தைக் காட்டியிருந்தால் அந்த ஆண்டுகளை வேறு விதமாகச் செலவிட்டிருப்பேன்.

பெயர்கள் ஏன் இவ்வளவு தளர்வாக இருக்கின்றன என்பதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். கட்டடம் வரையும் ஒருவர் நம் நாட்டில் தன்னை ஆர்க்கிடெக்ட் என்று அழைத்துக்கொள்ள 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பதிவு செய்திருக்க வேண்டும். மென்பொருளில் ‘சொல்யூஷன் ஆர்க்கிடெக்ட்’ என்று போட்டுக்கொள்ள எந்தப் பதிவும் தேவையில்லை. ‘மென்பொருள் பொறியியல்’ என்ற தொடரே 1968-இல் ஜெர்மனியின் கார்மிஷ் நகரில் நேட்டோ நடத்திய மாநாட்டின் தலைப்பாக வந்தபோதுதான் பரவலாயிற்று. நிரல் எழுதுவதும் மற்றப் பொறியியல் துறைகளைப் போல ஒழுங்குக்கு உட்பட வேண்டும் என்று சீண்டுவதற்காகவே அந்தத் தலைப்பை வைத்ததாக மாநாட்டு அறிக்கையே கூறுகிறது. ஆக, இன்றும் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கு வசதியான பெயரைச் சூட்டுகிறது. டெவலப்பர், புரோகிராமர், சாப்ட்வேர் இன்ஜினியர் ஆகிய மூன்றுக்கும் இடையே எல்லாரும் ஏற்ற எல்லைக்கோடு எதுவும் கிடையாது.

ஆகவே முதல் வேலையாக, பதவிப்பெயரையும் படிநிலையையும் தனித்தனியாகப் பிரித்துப் பாருங்கள். புதிதாகச் சேரும் பட்டதாரிக்கு டிசிஎஸ் ‘அசிஸ்டென்ட் சிஸ்டம் இன்ஜினியர்’ என்றும், இன்ஃபோசிஸ் ‘சிஸ்டம்ஸ் இன்ஜினியர்’ என்றும், விப்ரோ ‘புராஜெக்ட் இன்ஜினியர்’ என்றும், காக்னிசன்ட் ‘புரோகிராமர் அனலிஸ்ட் டிரெய்னி’ என்றும் பெயரிட்டு வந்திருக்கின்றன. நான்கும் ஏறக்குறைய ஒரே வாசற்படிதான். ஒன்றில் அசிஸ்டென்ட் என்ற சொல் இருப்பதால் அது தாழ்ந்ததும் ஆகாது, மற்றொன்றில் அனலிஸ்ட் என்று இருப்பதால் அது உயர்ந்ததும் ஆகாது. ஸோஹோவில் ‘மெம்பர் டெக்னிக்கல் ஸ்டாஃப்’ என்பார்கள். அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஆராய்ச்சியாளர்களுக்கும் பொறியாளர்களுக்கும் வழங்கிய பெயர் அது. உண்மையான படியைக் காட்டுவது கடிதத்தில் எங்கேனும் சிறிதாக இருக்கும் பேண்ட் அல்லது கிரேடு எண். அமேசானில் எஸ்டிஇ (சாப்ட்வேர் டெவலப்மென்ட் இன்ஜினியர்) 1, 2, 3 என்றும், கூகுளில் எல்3 முதலும் ஏறும் எண்கள் அத்தகையவை. சம்பள வரம்பும் பதவி உயர்வும் பெரும்பாலும் அந்த எண்ணோடுதான் கட்டப்பட்டிருக்கின்றன. கடிதத்தில் எண் இல்லையென்றால் கேட்டுப் பெறுங்கள்.

சீனியர் வரை பாதை பெரும்பாலும் ஒன்றே. அதன்பின் இரண்டாகப் பிரிகிறது. மேனேஜர் பாதையில் போகிறவர் ஆட்களை எடுப்பது, அவர்களுடைய அப்ரைசலை (பணி மதிப்பீட்டை) எழுதுவது, விடுப்பு முதல் வருத்தம் வரை கேட்பது ஆகியவற்றைப் பார்ப்பார். தொழில்நுட்பப் பாதையில் ஸ்டாஃப் இன்ஜினியர், பிரின்சிபல் இன்ஜினியர் என்று ஏறுகிறவருக்குக் கீழே ஒருவர்கூட இல்லாமல் இருக்கலாம். ஆனால் பல குழுக்கள் சேர்ந்து கட்டும் அமைப்பு எப்படி இருக்க வேண்டும் என்பதை அவர் தீர்மானிப்பார். ‘ஸ்டாஃப்’ என்றால் சாதாரண ஊழியர் என்று பொருள்கொண்டு விடாதீர்கள். பல நிறுவனங்களில் அது சீனியருக்கும் மேலே. டெக் லீட் இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்பவர். அவரும் நிரல் எழுதுவார், மற்றவர் எழுதியதையும் சரிபார்ப்பார், ஆனால் உங்கள் சம்பள உயர்வு பெரும்பாலும் அவர் கையில் இருக்காது. ஆகவே உங்கள் நிரலைச் சரிபார்ப்பவர் யார், அப்ரைசலில் கையெழுத்திடுபவர் யார் என்ற இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள்.

டெஸ்டிங் பக்கத்தில் பெயர் மிக எளிதாக ஏமாற்றும். கியூஏ (குவாலிட்டி அஷ்யூரன்ஸ், தரச் சோதனை) என்ற இரண்டெழுத்துக்குள் திரையில் ஒவ்வொரு பொத்தானாக அழுத்திப் பார்ப்பவரும் உண்டு, அந்தச் சோதனைகளைத் தானே ஓட்டும் நிரலை எழுதுபவரும் உண்டு. எஸ்டிஇடி (சாப்ட்வேர் டெவலப்மென்ட் இன்ஜினியர் இன் டெஸ்ட்) என்று இருந்தால் அவர் சோதனைக்கான மென்பொருளை எழுதும் டெவலப்பர் என்றே பொருள். அதற்கு நிரல் திறன் வேண்டும். கையால் செய்யும் சோதனையைக் கேவலமாக நினைக்கத் தேவையில்லை. நல்ல டெஸ்டர் ஒருவர் கண்டுபிடிக்கும் பிழை பல இரவுகளை மிச்சப்படுத்தும். ஆனால் எதற்குச் சேர்கிறோம் என்பது தெரிந்தே சேர வேண்டும்.

சப்போர்ட்டையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். எல்1 என்பது பெரும்பாலும் அழைப்பையோ டிக்கெட்டையோ முதலில் வாங்கிப் பதிவு செய்வது, எல்2 என்பது லாகுகளை (மென்பொருள் தானே எழுதிவைக்கும் நிகழ்வுப் பதிவுகளை) படித்துக் காரணம் தேடுவது, எல்3 என்பது நிரலுக்குள் இறங்கித் திருத்துவது. இந்த ‘எல்’ சப்போர்ட் அடுக்கைக் குறிக்கிறது. மேலே சொன்ன கூகுள் படிநிலையின் ‘எல்’ வேறு. எல்2-இல் லாகு படிக்க நன்றாகப் பழகியவர் எஸ்ஆர்இ (சைட் ரிலையபிலிட்டி இன்ஜினியர்) வேலைக்கு நகர முடியும். அமைப்புகளை நம்பகமாக இயக்குவதையே மென்பொருள் வேலையாகச் செய்யும் அந்தப் பொறுப்பு, 2003-இல் கூகுளில் ஒரு சிறு குழுவாகத் தொடங்கியது. டெவ்ஆப்ஸ் என்ற சொல் 2009-இல் பெல்ஜியத்தின் கென்ட் நகரில் நடந்த கூட்டத்திலிருந்து பரவியது. நிரல் எழுதுகிறவர்களும் அதை இயக்குகிறவர்களும் சேர்ந்து வேலை செய்யும் முறையைத்தான் முதலில் அது குறித்தது. இன்று அதுவே ஒரு பதவிப்பெயராகிவிட்டதால், ஒரு நிறுவனத்தில் கிளவுட் சர்வர்களை அமைப்பதும் இன்னொன்றில் வெளியீட்டுப் பணிகளைத் தானியங்கியாக்குவதும் அதே பெயரில் நடக்கின்றன. இத்தகைய வேலைகளில் ‘ஆன்-கால்’, அதாவது பழுது வந்தால் எந்நேரமும் அழைப்பை ஏற்கத் தயாராக இருக்கும் முறை, எத்தனை வாரத்துக்கு ஒருமுறை வரும் என்று கட்டாயம் கேளுங்கள். ஊரிலிருந்தே வேலை செய்ய நினைப்பவர்கள், மழைக்காலத்தில் மின்சாரமும் இணையமும் நின்றால் என்ன மாற்று ஏற்பாடு என்பதையும் சேர்த்தே யோசிக்க வேண்டும்.

மேனேஜர் என்று முடியும் இரண்டு பெயர்களைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். புராடக்ட் மேனேஜர் எதைக் கட்டுவது, ஏன் கட்டுவது என்று முடிவு செய்வார். புராஜெக்ட் மேனேஜர் ஒப்புக்கொண்டதை எந்தத் தேதிக்குள், எத்தனை ஆட்களோடு முடிப்பது என்று பார்ப்பார். வேலையைக் குறுகிய காலக் கட்டங்களாகப் பிரித்துச் செய்யும் ஸ்க்ரம் முறையைப் பின்பற்றும் குழுவில் புராடக்ட் ஓனர், ஸ்க்ரம் மாஸ்டர், டெவலப்பர்கள் ஆகிய மூன்று பொறுப்புகளைத்தான் அதன் 2020-ஆம் ஆண்டு வழிகாட்டி சொல்கிறது. அதன் கணக்கில் டெஸ்டரும் டிசைனரும்கூட டெவலப்பர்களே. மாஸ்டர் என்பதால் அவர் குழுவின் முதலாளி என்று அஞ்ச வேண்டாம்.

அனலிஸ்ட் என்ற சொல்லை முன்னால் நிற்கும் சொல்லோடு சேர்த்தே படிக்க வேண்டும். பிசினஸ் அனலிஸ்ட் வாடிக்கையாளரின் தேவையைக் கேட்டு எழுதுவார். டேட்டா அனலிஸ்ட் தரவிலிருந்து விடை தேடுவார். புரோகிராமர் அனலிஸ்ட் பெரும்பாலும் நிரல் எழுதுபவர்தான். ஃப்ரண்ட்-எண்ட் என்றால் பயனர் காணும் திரை, பேக்-எண்ட் என்றால் அதற்குப் பின்னால் சர்வரில் ஓடுவது. ஃபுல்-ஸ்டாக் என்றால் இரண்டும்.

இவ்வளவும் பார்த்த பிறகும் ஐயம் இருந்தால், கடிதத்தை ஏற்பதற்கு முன் மனிதவளப் பிரிவுக்கு ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள். கேள்வி கேட்டால் வேலை போய்விடும் என்று வீட்டில் பயப்படுவார்கள். மரியாதையாகக் கேட்கும் கேள்விக்காக வேலையைத் திரும்பப் பெறும் இடத்தில் சேராமல் இருப்பதே நல்லது. அந்தப் பெண்ணுக்கு நான் எழுதிக் கொடுத்தது இதுதான்: ‘வணக்கம். தங்கள் கடிதத்துக்கு நன்றி. என் பணி எந்தக் குழுவில், எந்த மென்பொருள் சார்ந்து இருக்கும்? முதல் ஆறு மாதங்களில் என் நேரத்தில் பெரும்பகுதி புதிய நிரல் எழுதுவதிலா, சோதனையிலா, பழுது பார்ப்பதிலா செலவாகும்? என் வேலையைச் சரிபார்த்து வழிகாட்டுபவர் யார்? இரவுப் பணியும் ஆன்-காலும் உண்டா? என் கிரேடு எது?’ வாடிக்கையாளர்களுக்காக வேலை செய்யும் பெரிய சேவை நிறுவனங்களில் பயிற்சி முடியும்வரை எந்தப் புராஜெக்ட் என்பது அவர்களுக்கே தெரியாமல் இருக்கலாம். அப்போது பயிற்சியின் பாடம் எது என்று கேட்டால் ஓரளவு விடை கிடைக்கும்.

இரண்டு இடங்களிலிருந்தும் அவளுக்குப் பதில் வந்தது. இரவுப் பணியை முதல் நிறுவனம் மறைக்காமல் உறுதி செய்தது. அவள் டிரெய்னியாகவே சேர்ந்தாள்.

பின்னாளில் வேறு நிறுவனத்துக்கு விண்ணப்பிக்கும்போது, பழைய பதவிப்பெயரை, வேலையை விட்டு விலகும்போது அந்த நிறுவனம் தந்த ரிலீவிங் கடிதத்தில் உள்ளபடியே எழுதுங்கள். ‘சீனியர்’ என்று ஒரு சொல்லைச் சேர்த்தாலும், பின்னணிச் சரிபார்ப்பில் பழைய நிறுவனத்தின் பதிவோடு ஒப்பிடும்போது அது சிக்கலாகும். பெயர் உங்கள் வேலையைச் சொல்லவில்லை என்றால், பெயருக்குக் கீழே வேலையை எழுதுங்கள்: ‘அசோசியேட். கட்டணச் சேவையின் பின்தளத்தை ஜாவாவில் எழுதினேன். மாதம் ஒரு வாரம் ஆன்-கால் பார்த்தேன்.’